திரும்பத் திரும்ப வரும் அடிகள்

1994-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஓர் இசைக்கு இலக்கணம் எழுதியது. அந்த இசைக்காகக் கூடுகிறவர்களைக் கலைப்பதற்கு அந்த இலக்கணம் தேவைப்பட்டது. திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ இரவில் கூடி, ஒலிபெருக்கி வைத்து ஆடினால் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தலாம் என்றது அந்த ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 63-ஆம் பிரிவு. இசை என்றால் எது என்ற கேள்வி வருமே? அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளே முழுக்கவோ பெரும்பாலுமோ அமைந்த ஒலிகளும் இதில் அடங்கும் என்று எழுதிவைத்தார்கள். பாட்டின் சொல்லுக்காகத் தடை வந்ததுண்டு. பாடியவரின் நிறத்துக்காகவும் பிறப்புக்காகவும் மேடை மறுக்கப்பட்டதுண்டு. தாளம் திரும்பி வருகிறது என்பதையே அடையாளமாக வைத்து ஓர் இசையைக் குற்றத்தின் பக்கத்தில் நிறுத்திய சட்டத்தை இதைத் தவிர நான் படித்ததில்லை.

சட்டம் நடப்புக்கு வருமுன்பே ஆட்டெக்கர் என்ற இருவர் குழு 'ஆன்டி' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. சட்டம் நிறைவேறினால் முதல் இரண்டு உருப்படிகளைப் போடாதீர்கள், அவற்றில் திரும்பி வரும் அடிகள் இருக்கின்றன என்று உறையிலேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது உருப்படியின் பெயர் 'ஃப்ளட்டர்'. எந்த இரண்டு தாள வட்டமும் ஒன்றுபோல் இராதபடி அதை அமைத்திருந்தார்கள். ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும் அதைக் கேட்டுப் பாருங்கள். அடி மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கால் ஆடுவதை நிறுத்துவதில்லை. சட்டம் எழுதியவர்கள் இந்த இசையின் மேல்தோலைத்தான் தொட்டார்கள் என்பதற்கு அந்தப் பத்து நிமிடமே சாட்சி.

அந்தச் சட்டம் எழுதியவர்களின் காதுதான் இன்றைக்கும் பலருக்கு இருக்கிறது. என் பெரியப்பாவுக்கு இருக்கிறது. கும்பகோணத்தில் இருக்கிறார், வயது எழுபத்தைந்து, மிருதங்கம் என்றால் உயிர். "ஏம்மா, மிக்ஸியில கல்லைப் போட்டு அரைக்கிற சத்தத்துக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஆடுறதா? வாசிக்கிறவன் ஒருத்தன் வேண்டாமா? பட்டனை அமுக்கிட்டுக் கையைத் தூக்குறவனுக்கு வித்வான்னு பேரா?" என்று என்னைக் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்கள், தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள், என்னோடு வேலை பார்க்கிற முப்பது வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்வது இதையேதான். ஒரே சத்தம், யாரும் வாசிப்பதில்லை, எல்லாம் குடிக்கும் போதைக்கும் சாக்கு. பதினைந்து ஆண்டாக டெக்னோ, ஹவுஸ் என்ற இந்த மின்னணு நடன இசையைக் கேட்கிறேன். படிக்கப் போன இடத்தில் இரண்டு ஆண்டு பெர்லினின் ஆடுதளங்களில் நின்றிருக்கிறேன். இந்தப் பேச்சை இத்தனை நாள் சிரித்துக் கடந்தேன். இனி கடக்கப் போவதில்லை.

ஒரே சத்தம் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தம்புராவை மீட்டும்போது, இவன் என்ன ஒரே சுதியையே போட்டுக்கொண்டிருக்கிறான் என்று யாரும் எழுந்து போவதில்லை. மாறாத அந்தச் சுதி இருப்பதால்தான் மாறுகிற ஸ்வரம் காதுக்குத் தெரிகிறது. டெக்னோவில் நாலு நாலாக விழும் அந்தப் பெரிய அடியும் அதைத்தான் செய்கிறது. அது தரை. அதைக் கேட்கப் போனால் அலுப்புத்தான் வரும். அதன்மேல் நடப்பதைக் கேட்க வேண்டும். உருமி கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரே அடி அரை மணி நேரம் விழுந்த பிறகு கேட்பவர் பழைய ஆளாக இருப்பதில்லை என்பதைச் சாமி வந்து ஆடுகிறவர்களிடம் அவர்கள் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறார்கள்.

முதன்முதலாகப் பெர்லினின் ட்ரெசர் கிளப்புக்குப் போன இரவைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பெர்லின் சுவர் 1989 நவம்பரில் விழுந்தது. எல்லையை ஒட்டி, உரிமை கேட்க ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படி 1991 மார்ச்சில் தொடங்கியது ட்ரெசர். வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலவறையில் இருந்த பெட்டக அறை அது. ட்ரெசர் என்றாலே ஜெர்மன் மொழியில் பெட்டகம்தான். 2005-இல் அந்த இடத்தை விட்டு, 2007-இல் மூடிக்கிடந்த ஓர் அனல் மின் நிலையத்துக்குள் குடிபோயிற்று. நான் பார்த்தது இந்த இரண்டாவது இடத்தை. நீண்ட சுரங்கவழி, புகை, கண்ணுக்கு எதிரே கை தெரியாத இருட்டு, கம்பிகளுக்குப் பின்னால் டிஜே. எட்டு வயது முதல் பாட்டு கற்றவள் என்பதால் என் வலது கை பழக்கத்தில் தொடைமேல் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எட்டு எண்ணிக்கை சரியாக வந்து உட்கார்ந்தது. ஒரு பத்து நிமிடம் கழித்து மேலே இன்னொரு தட்டின் உலோக ஒலி கலந்தது. அது மூன்று மூன்றாக வந்தது. கீழே நாலு, மேலே மூன்று. இரண்டும் பன்னிரண்டில் சந்தித்து மறுபடி பிரிந்தன. சதுஸ்ரத்துக்குள் திஸ்ரம் வந்து உட்காரும்போது பெரியப்பா முகத்தில் வருமே ஒரு மலர்ச்சி, அது என் முகத்தில் வந்தது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்று ஆடிய நரைத்த தலைக்காரர் ஒருவர் அந்த மூன்றைத் தோளிலும் நாலைக் காலிலும் வைத்திருந்தார். நான் கையைத் தொடையிலிருந்து எடுத்தேன். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்றையும் நாலையும் சேர்த்துக் கேட்க முடியவில்லை, காலுக்கு இறக்கித்தான் கேட்க முடிந்தது. ஆடுவதும் ஒருவகைக் கேட்பது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆடாமல் சுவரோரம் நின்று இது ஒரே சத்தம் என்கிறவர், காதில் பாதியை மூடிக்கொண்டு கேட்கிறவர்.

அடுத்தது அந்தப் பட்டன். டிஜே முன்னால் இரண்டு தட்டுகள் சுற்றுகின்றன. ஒன்று கூட்டம் கேட்பது. மற்றது அவர் ஒரு காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பது. கூட்டம் கேட்பது நிமிடத்துக்கு 128 அடி, காதில் இருப்பது 131 அடி என்றால், பின்னதன் வேகத்தைக் கையால் இறக்க வேண்டும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.-1200 தட்டுச்சுழலி 1972-இல் வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை எட்டு விழுக்காடு வரை ஏற்றி இறக்கும் நீளமான தள்ளுவிசை இருந்தது. உலகத்தின் கிளப்புகள் எல்லாம் அதன்மேல் நின்றன. நிமிடத்துக்கு அரை அடி வித்தியாசம் மிச்சமிருந்தாலே போதும், ஒரு நிமிட முடிவில் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் விழும். ஆடுகிறவன் கால் இடறும். அது கூட்டத்துக்குத் தெரியுமுன் டிஜேயின் காதுக்குத் தெரிய வேண்டும், விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு இரண்டு தட்டின் கீழ்ச்சத்தமும் ஒன்றையொன்று விழுங்காதபடி ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்ற வேண்டும். ஆறு மணி நேரம் இப்படி.

இன்றைக்குக் கணினி அந்த வேகத்தைத் தானே சேர்த்துவிடுகிறது. உண்மை. முன்கூட்டியே கலந்து வைத்ததை ஓடவிட்டுவிட்டு மேடையில் கையைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் வேகம் சேர்ப்பது ஸ்ருதி சேர்ப்பது மாதிரி. ஸ்ருதிப்பெட்டி வந்ததால் பாட்டு சுலபமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. விடியற்காலை நாலு மணிக்குக் கூட்டம் தளரும்போது எந்தத் தட்டை எடுப்பது, எதை இன்னும் ஒரு மணி நேரம் பிடித்துவைப்பது என்பதை எந்தப் பொறியும் சொல்வதில்லை. பாடகரின் முகத்தை மிருதங்கக்காரர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல டிஜே ஆடுதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், கேட்க வந்தவர்களின் உடம்பைக் கேட்டு வாசிக்கிறார். இது வாசிப்பு இல்லையென்றால் எது வாசிப்பு?

பொறி என்பதால் ஆன்மா இல்லை என்பார்கள். இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்ல. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது, கமகம் வராத மேற்கத்தியப் பெட்டி என்று சொல்லி. அந்தத் தடை தளர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மின்சாரம் பாய்ச்சிய மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் முன்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்து வாசித்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டவர்கள் யாரும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சரண்ஜித் சிங்கின் கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பம்பாய் இந்திப் படங்களில் வாசித்த கலைஞர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டி.ஆர்.-808 தாளத்துக்கு, டி.பி.-303 கீழ்ச்சுரத்துக்கு, ஜூபிட்டர்-8 மேலே ராகத்துக்கு. பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டாக்கினார். பூபாலி இருக்கிறது, நம் மோகனம். யமன் இருக்கிறது, நம் கல்யாணி. மால்கௌன்ஸ் இருக்கிறது, நம் ஹிந்தோளம். தட்டு விற்கவில்லை, மறந்துபோனார்கள். டச்சுக்காரர் ஒருவர் அந்தத் தட்டைக் கண்டெடுத்து 2010-இல் மறுபதிப்புப் போட்ட பிறகு, மேற்கே கேட்டவர்களில் சிலர் இது ஏமாற்று என்றே நினைத்தார்கள். காரணம், சிகாகோக்காரர்கள் அதே 303-ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசையை உருவாக்கியது அவருக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். பாடிக்காட்டாத பொறியிலிருந்து அவருக்கு ராகம் எப்படி வந்தது? 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ஜாரு தெரிந்த காது அதை உடனே கண்டுகொள்ளும். பொறிக்குள் ஆன்மா இல்லை என்பது சரிதான், வீணைக்குள்ளும் இல்லை. அது வாசிக்கிறவரிடமிருந்து வர வேண்டும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறோர் இடத்தில். இந்த இசை யாருடையது என்று தெரியாமல், பணக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று பேசுகிறார்களே, அங்கே. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடக்க இருந்தன. டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, சேர்ந்த தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் உள்ளே பாய்ந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அரங்கில் வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ். கொண்டுவந்து குவித்தவற்றில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். இசைமேல் வெறுப்பு என்று பேர், வெறுக்கப்பட்டது யார் என்பது அந்தக் குவியலில் தெரிந்தது.

அதே ஊரில், தெற்கு ஜெஃபர்சன் தெருவில், முன்பு தொழிற்கூடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், 1977 முதல் சனி இரவுகளில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கிளப்பின் பெயர் வேர்ஹவுஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத்து ஆண்கள், ஆண்களை நேசித்தவர்கள். வீட்டிலும் தெருவிலும் தேவாலயத்திலும் இடமில்லாதவர்கள். ஞாயிறு விடிந்தும் ஆடினார்கள். புதிய டிஸ்கோ தட்டுகள் வருவது குறைந்தபோது, பழையவற்றை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார் நக்கிள்ஸ். பிறகு டெட்ராய்ட்டின் டெரிக் மேயிடம் ஒரு 909 டிரம் மெஷினை வாங்கி அடியில் ஓடவிட்டார். வேர்ஹவுஸில் போடுகிற இசை என்று ஊரார் கேட்டுக் கேட்டு, அதற்கு 'ஹவுஸ்' என்றே பெயர் நின்றது. வின்ஸ் லாரன்ஸ் 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து உருவாக்கிய 'ஆன் அண்ட் ஆன்' தான் தட்டாக வந்த முதல் ஹவுஸ் பாட்டு என்று பலரும் சொல்கிறார்கள். மைதானத்தில் எரிந்ததைப் பார்த்த கண், ஐந்தே ஆண்டில் அதன் விதையை நட்டது. டிஸ்கோவின் பழிதீர்ப்பு என்றார் நக்கிள்ஸ். அவர் 2014-இல் இறந்தார். அந்தக் கட்டடத்தை 2023-இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது.

குடி என்பதற்கு வருகிறேன். இதில் நம் ஊர்க்காரர்களின் கண்ணை நான் பழிக்க மாட்டேன். அவர்கள் பார்த்த கிளப், பெரிய ஓட்டல் ஒன்றின் பார். அங்கே பாட்டு, கோப்பை காலியாவதற்காகப் போடுவது. நானும் என் தோழியும் அப்படி ஓர் இடத்தின் வாசலில் நின்றபோது, ஆம்பிளை யாரும் கூட வரலையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதைக் கிளப் பண்பாடு என்று யாராவது சொன்னால் அவரையும் சேர்த்தே மறுப்பேன். நியூயார்க்கில் டேவிட் மன்குசோ 1970-இல் தன் வீட்டிலேயே தொடங்கிய 'லாஃப்ட்' விருந்துகளில் மது விற்கவில்லை. டிஜே லாரி லெவன் பத்தாண்டு ஆண்ட 'பாரடைஸ் கராஜ்' மது விற்கவில்லை. சிகாகோவில் இந்த இசை வளர்ந்த பல இடங்களுக்கு 'ஜூஸ் பார்' என்றே பெயர். ஆடுவதற்காக மட்டும் ஓர் அறை வேண்டும் என்று தொடங்கியவர்களின் வழி இது. பெர்லினில் பல கிளப்புகளில் வாசலிலேயே தொலைபேசியின் கேமராமேல் ஒரு வட்டத் தாளை ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது உள்ளேயே. நான்கு மணி நேரம் தனியாக ஆடினேன், ஒருவரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை, ஒருவரும் படம் எடுக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாண மண்டபத்தில்கூட அது கிடைப்பதில்லை.

போதைப்பொருள் இருந்தது, இருக்கிறது. அதை மறைப்பது என் வாதத்துக்கும் கேடு, இறந்தவர்களுக்கும் அவமதிப்பு. 2016-இல் லண்டனின் ஃபேப்ரிக் கிளப்பில் சில வார இடைவெளியில் பதினெட்டு வயது இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். செப்டம்பரில் அதன் உரிமத்தை உள்ளாட்சி மன்றம் பறித்தது. கடுமையான நிபந்தனைகளோடு அடுத்த ஜனவரியில் திறந்தார்கள். கதவைச் சாத்தினால் அந்தப் பிள்ளைகள் ஆடுவதை விட்டுவிடப் போவதில்லை, மருத்துவ உதவியும் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத இடத்துக்குப் போவார்கள் என்று அன்று வாதாடியவர்களோடு நானும் நிற்கிறேன். நெதர்லாந்தில் 1992 முதல் கையிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துக்கொள்ள அரசு ஏற்பாடு இருக்கிறது. உயிர்மேல் அக்கறை உள்ளவர் கேட்க வேண்டியது அதைத்தான். இசையைக் குற்றவாளியாக்குவது, சாவுக்குக் காரணம் தேடும் வேலையை முடித்துவிட்டதாக நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

இத்தனையும் ரசிகையின் பேச்சு என்று ஒதுக்கலாம். ஜெர்மனியில் இது வரி வழக்காகவே வந்தது. கச்சேரிக்கு ஏழு விழுக்காடு வரி, வெறும் கேளிக்கைக்குப் பத்தொன்பது. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்புக்கு எது? வருகிறவர்கள் இசைக்காக வருகிறார்களா, வேறெதற்குமா என்று நிதி நீதிமன்றம் ஆராய்ந்தது. இசைக்காகத்தான், இதுவும் கச்சேரிதான் என்று 2016-இல் தீர்ப்பளித்தது. அதுவரை கட்டட விதிகளில் சூதாட்டக் கூடங்களோடும் விபசார விடுதிகளோடும் ஒரே வகையில் கிடந்த இசைக் கிளப்புகளைப் பண்பாட்டு இடங்களாகக் கொள்ள வேண்டும் என்று 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானித்தது. 2024-இல் பெர்லின் டெக்னோ அந்த நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டின் கடைசி இரவோடு ஷ்பிரே ஆற்றங்கரையின் வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது. இரைச்சல் என்று வந்த புகாரையெல்லாம் தாண்டி நின்ற இடங்கள் வாடகை தாங்காமல் விழுகின்றன. இந்த இசையை நேசிப்பவர்கள் செய்ய வேண்டிய சண்டை இப்போது அங்கே இருக்கிறது. இசையா இரைச்சலா என்ற பழைய வழக்கில் இன்னும் நேரத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பதுதான் என் வருத்தம்.

பெரியப்பாவிடம் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டவில்லை, அவருக்கு அது பிரமாணம் ஆகாது. 'ஆசிட் ட்ராக்ஸ்' பற்றிச் சொன்னேன். ஃபியூச்சர் என்ற சிகாகோ குழு, 1987-இல் வெளிவந்தது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். கிட்டார்க்காரர்கள் வீட்டில் பயிற்சி செய்யும்போது துணைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ரோலண்ட் தயாரித்து, விலைபோகாமல் 1984-லேயே நிறுத்திவிட்ட அந்த 303-ஐச் சல்லிசாக வாங்கியவர்கள். ஒரே சின்னக் கோவையை ஓடவிட்டு, ஒலியின் கூர்மையை மட்டும் குமிழைத் திருகித் திருகி மாற்றினார்கள். தட்டாக வருமுன்பே மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அதைப் போட்டார். முதல் தடவை ஆடுதளம் காலியாயிற்று. அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். நாலாவது தடவை கூட்டம் கூத்தாடியது என்று அந்தக் குழுவின் டிஜே பியர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

"நாலு தடவையா?" என்றார் பெரியப்பா. போன மாதம் கும்பகோணத்தில் அவர் திண்ணையில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். முதல் தடவை பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலம் மறுபடி போட்டேன். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இரும்மா," என்று கையை உயர்த்தினார். "அது இப்பத்தான் மாறுது."